எலிசபெத் ராணி உயிரோட இருக்கும்போதே அடக்கத்துக்கு பிளான் போட்டு வச்சது சரியா? கியூல நின்னவங்க துக்கம் உண்மையா?

கேள்வில ரெண்டு விஷயம் இருக்கு. ஆளு உயிரோட இருக்கும்போதே சாவுக்கு ஏற்பாடு பண்றது மனுசத்தன்மையானு ஒண்ணு, அத்தனை பேரு கியூல நின்னு அழுததெல்லாம் நெசமா நடிப்பானு இன்னொண்ணு. எனக்கு ராஜா ராணி மேல பெரிய பிரியமோ வெறுப்போ கிடையாது, ஆனா துட்டி வீட்ட, அதாவது சாவு வீட்ட பத்தி கொஞ்சம் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் ஊரு பக்கம் எங்களுக்கு பந்தல், சேர், மைக்செட் வாடகைக் கடை. அப்பா ஆரம்பிச்சது, இப்போ நான் பாக்குறேன். கல்யாண வீட்டுக்காரங்க மூணு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் தருவாங்க, சாவு வீட்டுல இருந்து ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும், விடியும்போ பந்தல் நிக்கணும். சேர் என்னமோ ரெண்டுக்கும் ஒரே சேர் தான், துட்டி வீட்டுக்கு துணி கவர் போட மாட்டோம், அவ்வளவு தான் வித்தியாசம்.

2022 செப்டம்பர் 19 ராணி அடக்கத்த நான் கடையில உக்காந்து மொபைல்ல லைவா பாத்தேன். எல்லாரும் பெட்டி மேல இருந்த கிரீடத்த பாத்திருப்பாங்க, நான் பாரிகேட் போட்டிருந்த விதத்த பாத்துட்டு இருந்தேன். தொழில் புத்தி.

அவங்க பிளானுக்கு பேரு லண்டன் பிரிட்ஜ். 1960கள்லயே எழுத ஆரம்பிச்சு அப்பப்போ திருத்திட்டே வந்தது. ஸ்காட்லாந்துல வச்சு இறந்தா என்ன பண்ணணும்னு அதுக்கு யூனிகார்ன்னு தனியா ஒரு பிளான், கடைசில செப்டம்பர் 8 பால்மோரல்ல இறந்தனால அதுவும் தேவைப்பட்டுச்சு. குடும்பத்துல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பாலம் பேரு, அம்மா ராணிக்கு டே பிரிட்ஜ், வீட்டுக்காரரு பிலிப்புக்கு ஃபோர்த் பிரிட்ஜ், இப்போ இருக்க சார்லஸ் ராஜாவுக்கு மெனாய் பிரிட்ஜ். ராணியோட பெட்டிய 30 வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு வச்சிட்டாங்க, ஓக் மரம், உள்ள ஈயத் தகடு, தூக்குறதுக்கே எட்டு பேரு வேணும். பிலிப் கதை இத விட ஜோரு, தன்னோட பெட்டி போற வண்டிய தானே டிசைன் பண்ணாரு, ஒரு லேண்ட்ரோவர எடுத்து 2003ல இருந்து 16 வருஷமா அத மாத்து இத மாத்துனு சொல்லிட்டே இருந்திருக்காரு. இந்த மாதிரி ஒரு கஸ்டமர் எனக்கு வந்தா நான் கடைய பூட்டிட்டு போயிருவேன்.

இதெல்லாம் படிக்கும்போ ச்சீ என்ன ஜென்மம்யா இதுனு தோணும். ஆனா எனக்கு எங்க பாட்டி ஞாபகம் தான் வந்துச்சு. பாட்டி கட்டிலுக்கு அடியில ஒரு தகரப்பெட்டி. அதுக்குள்ள ஒரு வெள்ளைச் சேலை, ஒரு பைபிள், ஒரு சுருக்குப் பை நிறைய ரூவா. அந்த ரூவாய வீட்டுல யாரும் தொட மாட்டோம், அது அடக்கத்துக்கு உள்ள துட்டு. அடக்கத்துல என்னென்ன பாட்டு பாடணும், எந்த வசனம் வாசிக்கணும்னு சொல்லி ஒரு நோட்டுல என்ன வச்சு எழுத வச்சிருந்தா, அப்போ நான் ஏழாங்கிளாஸ். "மக்ளே, நான் கண்ண மூடினா ஒருத்தனும் கடன் வாங்கப்புடாது, பிளெக்ஸும் வைக்கப்புடாது, எழுதிக்க"ம்பா. சேலை பழசா போச்சுனு ரெண்டு தடவ புதுசு மாத்தினா, அந்த சேலைய எடுக்க அவளே தக்கலைக்கு பஸ் ஏறி போயிட்டு வந்தா. பாவம் பாட்டினு நாங்க யாரும் நினைக்கல, சாவ கண்டு பயப்படாம இருந்தா, பிள்ளைங்களுக்கு பாரம் வைக்கப்புடாதுனு இருந்தா, அவ்வளவு தான். நம்ம ஊருல அப்பிடி தகரப்பெட்டி இல்லாத பாட்டிமாரு ரொம்ப கம்மி. ராணிக்கு பெட்டி கொஞ்சம் பெருசு.

ஊருக்குமே ஒரு பிளான் இருக்கு பாருங்க, எழுதி வைக்காத பிளான். கோயில் மணி விட்டு விட்டு ஒத்த ஒத்தையா அடிச்சா பல் தேச்சிட்டு இருக்கவன் வாய கொப்பளிச்சிட்டு யாருனு கேட்டு வெளிய வந்துருவான். யாரு பிரீசர் பாக்ஸுக்கு போன் அடிக்கணும், யாரு போதகர பாக்கணும், யாரு விளையில (தோட்டத்துல) குழி வெட்ட ஆள் கூட்டணும் (எங்க பக்கம் நெறைய குடும்பத்துக்கு சொந்த விளையிலயே கல்லறை), யாரு ஆட்டோல மைக் கட்டி அறிவிக்கணும்னு ஒருத்தரும் கூடிப் பேச மாட்டாங்க, ஆனா நடக்கும். மகன் குவைத்துல இருந்து வரணும்னா ரெண்டு நாளு பிரீசர்ல, லீவு கிடைக்காதவனுக்கு யூடியூப் லைவ். இப்போ டிரோன் வேற வந்துருச்சு, ஒரு அடக்கத்துல போதகர் ஜெபம் பண்ணும்போ தலைக்கு மேல கொசு மாதிரி சத்தம் போட்டுட்டே நின்னுச்சு, அது எனக்கு பிடிக்கல.

பிளான் இல்லைனா என்ன ஆவும்னு சென்னையில பாத்தோமே. 2016 டிசம்பர் 5 சாயங்காலம் ஜெயலலிதா இறந்துட்டாங்கனு சில சேனல்ல போட்டு, கட்சி ஆபீஸ்ல கொடிய பாதிக்கு இறக்கி, ஆஸ்பத்திரி இல்லைனு சொன்னதும் திரும்ப ஏத்தி, நடுராத்திரிக்கு பெறவு தான் அறிவிச்சாங்க. அந்த அஞ்சாறு மணி நேரம் ஊரு முழுக்க நெஞ்ச பிடிச்சிட்டு இருந்துச்சு, யாரு அழணும் யாரு கடை அடைக்கணும்னே தெரியல. 2018 ஆகஸ்ட் 7 கலைஞர் இறந்தப்போ மெரினாவுல இடம் உண்டா இல்லையாங்கிறத ராத்திரி ஐகோர்ட்டுல வாதாடி, அடுத்த நாள் காலைல தான் தீர்ப்பு வந்துச்சு, உடம்பு ராஜாஜி ஹால்ல இருக்கும்போ. அங்க கூட்ட நெரிசல்ல ரெண்டு பேரு செத்தும் போனாங்க. அழ வந்தவங்க திரும்பி வீட்டுக்கு போகல. இத நினைச்சிட்டு லண்டன் கியூவ பாத்தேன். கைல பட்டை கட்டி விட்டு, 500க்கு மேல தற்காலிக கக்கூஸ் வச்சு, கியூ நிறைஞ்சா இனி வராதீங்கனு அறிவிச்சு, ரெண்டரை லட்சம் பேர வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலுக்குள்ள கூட்டிட்டு போயி வெளிய விட்டாங்க, சில நேரம் 24 மணி நேரத்துக்கு மேல நிக்க வேண்டியிருந்தும். அந்த கக்கூஸ் கணக்கு போட்டவன் யாருனு தெரியல, என் கணக்குல ராணிக்கு பெரிய மரியாதை செஞ்சது அவன் தான்.

அதுக்காக எல்லாம் பிளான்படி நடந்துரும்னும் இல்ல. 1901ல விக்டோரியா ராணி அடக்கத்துல பெட்டி வச்ச பீரங்கி வண்டிய இழுக்க வேண்டிய குதிரை மிரண்டு வார் அறுந்து போச்சு, பக்கத்துல நின்ன கடற்படை ஆளுங்க கயிறு கட்டி இழுத்தாங்க. அன்னைக்கு சமாளிச்சது இன்னைக்கு சம்பிரதாயம், 2022ல 142 பேரு அதே வண்டிய இழுத்தத ஆகா என்ன பாரம்பரியம்னு உலகமே பாத்துச்சு. எங்க தொழில்ல இது தினமும் நடக்கும், ஒரு மழை நாளு அவசரத்துக்கு நீல ஷீட்டு போட்டோம், இப்போ அந்த தெருவுல துட்டினாலே நீல ஷீட்டு தான் கேக்குறாங்க.

இனி ரெண்டாவது விஷயம், துக்கம் நெசமா.

காந்தி அஸ்தி கன்னியாகுமரில கரைச்சது 1948 பிப்ரவரி 12. கரைக்கிறதுக்கு முன்னாடி ஜனங்க பாக்க வச்சிருந்த இடத்துல தான் இப்போ காந்தி மண்டபம் நிக்குது, அக்டோபர் 2 அன்னைக்கு உச்சி வெயிலு அந்த இடத்துல விழும். எங்க பாட்டா (தாத்தா) அப்போ இளவட்டம், கூட்டாளிங்க நாலு பேரோட பாதி தூரம் நடந்து பாதி தூரம் மாட்டுவண்டி தொத்தி போயிருக்காரு. சின்னதுல நான் கேட்டேன், பாட்டா அழுதியளானு. "இல்லலே, கூட்டம் பாக்க தான் போனோம். போற வழி எல்லாம் சிரிப்பும் களிப்பும் தான். அங்க போயி வரிசையில நின்னு, முன்னாடி ஒரு கிழவி, பின்னாடி ஒரு போலீஸ்காரன், ரெண்டு பேரும் பேசாம நிக்கியாவ, எனக்கும் பேச்சு நின்னு போச்சு. திரும்பி வரும்போ தான் அழுக வந்தது"ன்னாரு.

நான் இத்தனை வருஷம் சாவு வீட்டு வாசல்ல கம்பு ஊணிட்டு நின்னு பாத்ததும் இது தான். துக்கம் வந்து அதுக்கு பெறவு சடங்கு செய்யிறாங்கனு நாம நினைக்கிறோம், பாதி நேரம் சடங்கு செஞ்சிட்டு இருக்கும்போ தான் துக்கமே வந்து சேருது. துட்டிக்கு வந்து வெளிய நின்னு ரப்பர் விலை பேசிட்டு இருக்கவன், பெட்டிய மூடுற நேரம் உள்ள போனா உடைஞ்சு போயிருவான். அவன் முன்னாடி நடிச்சானா பின்னாடி நடிச்சானா? லண்டன் கியூல நின்னவங்கள்ல நெறைய பேரு கூட்டம் பாக்க, போட்டோ எடுக்க, டேவிட் பெக்காம் நிக்கிறாருனு பாக்க வந்திருப்பாங்க (அவரு நெசமாவே 12 மணி நேரத்துக்கு மேல நின்னாரு). பெட்டி முன்னாடி போனப்போ அவங்கவங்க வீட்டு சாவு ஞாபகம் வந்திருக்கும், கோவிட் நேரத்துல கிட்ட நின்னு வழியனுப்ப முடியாம போன எத்தனையோ பேரு அதுல இருந்திருப்பாங்க. அந்த ராணியே கூட 2021ல புருஷன் அடக்கத்துக்கு 30 பேருக்கு மேல வரக்கூடாதுங்கிற ரூல்ல தனியா ஒரு மூலைல உக்காந்திருந்துச்சு.

எனக்கு கடுப்பாவுறது வேற இடத்துல. துக்கம் இல்லாதவன் மேல துக்கத்த போடுறது. பிலிப் இறந்தப்போ பிபிசி எல்லா நிகழ்ச்சியயும் நிறுத்திட்டு அதே ஓட்டுச்சுனு ஒரு லட்சத்துக்கு மேல புகார் வந்துச்சு, ராஜபக்தி உள்ள நாட்டுலயே. ராணி இறந்த வாரம் ஆக்ஸ்போர்டுல புது ராஜாவ அறிவிக்கிற நிகழ்ச்சில இவர யாரு தேர்ந்தெடுத்தானு சத்தமா கேட்டவர போலீஸ் பிடிச்சிட்டு போச்சு. அடக்கத்தன்னைக்கு லீவு விட்டனால ஆஸ்பத்திரில அப்பாயின்மென்ட் வாங்கி காத்திருந்த சாதாரண ஜனங்களுக்கு தேதி தள்ளிப்போச்சு. நம்ம ஊருல இந்த மாதிரி நேரத்துல கடை அடைக்க சொல்றது கை கூப்பி சொல்ற மாதிரி இருக்கும், கைல கல்லு இருக்கும். 2016ல ஒரு கல்யாணத்துக்கு போட்ட பந்தல நானே ராவோட ராவா பிரிச்சேன், பொண்ணு வீட்டுக்காரரு அட்வான்ஸ கூட திருப்பி கேக்கல, அந்த மனுசன் முகத்த பாக்க முடியல. இந்தியாவுலயும் ராணிக்கு ஒரு நாள் துக்கம்னு அறிவிச்சாங்க, செப்டம்பர் 11, ஞாயித்துக்கிழமை, நாங்க யாரும் கவனிக்கவே இல்ல, அது பரவால்ல.

ராஜா சாவுங்கிறது குமரிக்காரனுக்கு வெளியூர் சமாச்சாரமும் இல்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம திருவிதாங்கூர் பக்கம் தானே. அங்க ராஜா செத்துட்டாருனு சொல்ல மாட்டாங்க, நாடு நீங்கினாருனு சொல்வாங்க. மார்த்தாண்ட வர்மா 1750லயே நாட்ட பத்மநாபசாமி காலடில எழுதி வச்சிட்டாரு, ராஜா வெறும் தாசன், அதனால ஆளு தான் நீங்குவாரு, ஆளுற சாமி அங்கேயே இருக்கும். இன்னைக்கும் நவராத்திரிக்கு பத்மநாபபுரம் உப்பரிகை மாளிகையில வச்சு உடைவாள கைமாத்தி ஊர்வலமா திருவனந்தபுரத்துக்கு கொண்டு போறாங்க, ராஜா இல்லாட்டியும் வாளு போவுது. கடைசி ராஜா சித்திரைத் திருநாள் 1991 ஜூலை 20 இறந்தப்போ எங்க பக்கத்து வீட்டு ஆச்சி, நாஞ்சில் நாட்டுல இருந்து கட்டிட்டு வந்தவ, "பொன்னு தம்புரான் நாடு நீங்கிட்டாரே"ன்னு அன்னைக்கு அடுப்பு பத்த வைக்கல. எங்க பாட்டி வேலிக்கு இந்த பக்கம் நின்னு கேட்டுட்டு ஒண்ணும் பேசாம மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிச்சா. பாட்டி குடும்பத்துல தோள்சீலைக் கலகத்த சொல்லி சொல்லி வளத்திருக்காங்க, மேல துணி போடுறதுக்கு 1859 வரைக்கும் அடி வாங்கின சனம். ஆனா இந்த ராஜா தானே 1936ல எல்லா சாதிக்கும் கோயில தொறந்து விட்டாருனும் அவளே தான் சொல்லுவா. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு வேலி தான். சாயங்காலம் பாட்டி அவிச்ச மரச்சீனில ஒரு தட்டு ஆச்சிக்கு கொடுத்து விட்டா, பட்டினி கிடக்காண்டாம்னு. ஆச்சி வாங்கினா. யாரும் யார்கிட்டயும் நீ ஏன் அழுறே நீ ஏன் அழலைனு கேக்கல. எனக்கு தெரிஞ்சு பொது துக்கத்த இத விட ஒழுங்கா நடத்தின ஆளுங்கள நான் பாத்தது இல்ல.

பாட்டி இறந்தது 2009ல, மழைக்காலம். நோட்டுல எழுதினபடியே பாட்டு, எழுதினபடியே வசனம், கடன் ஒண்ணும் வாங்கல. பிளெக்ஸ் மட்டும் அத்தை வச்சிட்டா, கேக்கல. அப்பா அவரோட அம்மா சாவுக்கும் அவரே தான் பந்தல் போட்டாரு, வேற ஆளு போடுறேன்னு சொன்னப்போ விடல, மூணு நாளும் கயிறு இழுத்துட்டு, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்திட்டு, வந்தவங்களுக்கு சேர் எடுத்து போட்டுட்டு, ஒரு சொட்டு அழல. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பேசிக்கிட்டாங்க, கல்லு மாதிரி இருக்கானேனு. மூணாம் நாளு ஷீட்டு மடிக்கும்போ நான் ஒரு முனை, அவரு ஒரு முனை, பாதி மடிப்புல அப்பிடியே அது மேல உக்காந்துட்டாரு, அரை மணி நேரம். நான் என் முனைய பிடிச்சிட்டே நின்னேன், விடவும் தெரியல கிட்ட போகவும் தெரியல.

கடை நோட்டுல அந்த பக்கம் இன்னும் இருக்கு, அப்பா கையெழுத்து. அம்மா அடக்கம், சேர் 150, ஷீட்டு 4, டியூப்லைட்டு 12. திரும்பினது சேர் 148. மத்த பக்கத்துல எல்லாம் குறைஞ்ச சேருக்கு துட்டு வாங்கி அடிச்சு விட்டிருப்பாரு, அந்த ரெண்டு மட்டும் அடிக்காம கிடக்கு.