அந்த ஒரு வரியைப் படியுங்கள், தங்கச்சி

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுகிறவர், வயது 51. நானும் அவர் பின்னாலேயே கொட்டை பொறுக்கப் போவேன். போன வருஷம் மார்ச்சில் மட்டை வெட்டும்போது அவர் வலது கண்ணில் என்னவோ விழுந்தது. தோட்டத்துக் கிளினிக்கில் கழுவி, சொட்டு மருந்து கொடுத்து, இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதினார்கள். அப்புறம் கண் வெள்ளை படிந்து, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் கிடந்தார். பூஞ்சைக் கிருமி என்றார்கள். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. சொக்சோவுக்கு (தொழிலாளர் காப்புறுதி நிறுவனம்) மனு போட்டதற்கு, இது வேலை விபத்து அல்ல என்று கடிதம் வந்துவிட்டது. தோட்ட ஆபீஸ் எழுத்தர் கிராணி, "விட்டுவிடும்மா" என்கிறார். முப்பது விழுக்காடு கொடுத்தால் முடித்துத் தர ஆள் இருக்கிறது என்கிறார் கொழுந்தன். மேல்முறையீடு செய்யலாமா? இத்தனை மாதக் காசும் கிடைக்குமா? டீ ஊற்றினால் கிளாசுக்கு வெளியே ஊற்றுகிறார், அக்கா. பார்க்க முடியவில்லை.
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, மேல்முறையீடு செய்யலாம், செய்ய வேண்டும். அந்த முப்பது விழுக்காட்டு ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சொக்சோவில் மனு போட ஒரு காசு கட்டணம் கிடையாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் பணம் இல்லை. 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிற காப்புறுதி இது. வேலை விபத்துத் திட்டத்துக்காகச் சம்பளத்தில் 1.25 விழுக்காடு அளவுக்கு மாதா மாதம் முதலாளி தரப்பில் கட்டுகிறார்கள். உங்கள் கணவர் வெட்டிய குலையிலிருந்து வந்த பணம்தான் அது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இப்போது அந்தக் கடிதத்தை எடுத்து, காரணம் சொல்லியிருக்கும் வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படியுங்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. ஏனென்றால் மேல்முறையீட்டுக்கு வாசல் இரண்டு. கண் எவ்வளவு கெட்டது, எத்தனை விழுக்காடு என்பதில் தகராறு என்றால் அது டாக்டர்கள் குழு சம்பந்தப்பட்டது. அந்தக் குழுவின் முடிவு பிடிக்கவில்லையென்றால் 90 நாளுக்குள் ஜெமா டாக்டர் ராயுவான் என்ற மேல்முறையீட்டு டாக்டர் குழுவுக்குப் போக வேண்டும். விபத்து வேலையில் நடந்ததா இல்லையா என்பதே தகராறு என்றால் ஜெமா ராயுவான் கெசலாமாத்தான் சோசியல் என்ற சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே தோற்றாலும் சட்டப் பிரச்சினை இருந்தால் உயர்நீதிமன்றம் வரை வழி உண்டு. உங்கள் கடிதம் "வேலை விபத்து அல்ல" என்கிறது. அப்படியென்றால் உங்கள் கணவரின் கண்ணை இன்னும் யாரும் எடைபோடவே இல்லை. நீங்கள் இரண்டாவது வாசலில் நிற்கிறீர்கள். இது தெரியாமல் டாக்டர் சீட்டுகளையே கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் அப்படிச் சொல்லியிருப்பார்கள்? நான் 22 வருஷம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்தவள். கிளினிக் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். தேதி, பெயர், "சாக்கிட் மாத்தா" (மலாயில் கண்வலி), மருந்து, எம்சி 2 நாள். அவ்வளவுதான். எங்கே, என்ன செய்யும்போது என்று ஒரு வார்த்தை இருக்காது. அந்தப் பக்கத்தின் நகல் சொக்சோ மேசைக்குப் போனால், படிக்கிறவருக்குக் கண்வலிக்காரர் ஒருவர்தான் தெரிவார். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. அதற்கென்று ஒரு பாரம் (படிவம்) இருக்கிறது. அது என்றைக்குப் போனது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நகல் கேட்டு வாங்குங்கள். தாமதமாகப் போயிருந்தால் அது உங்கள் கணவரின் குற்றம் இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் அப்படித் தாமதமான பாரம் ஒன்று என் கையாலும் போயிருக்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் அலைந்ததை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, விபத்தை எதை வைத்துக் காட்டுவது? பெரட்டுப் புத்தகம், அதுதான் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் புத்தகம், இருக்கிறதே! அன்றைக்கு அவருக்கு எந்த பிளாக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கும். அதைவிடப் பெரிய சாட்சி மண்டோர் (மேற்பார்வையாளர்) எழுதும் குலைக் கணக்கு. முந்தின நாள் எத்தனை குலை, அன்றைக்கு எத்தனை என்று பாருங்கள். தினமும் நூறு குலை அளவுக்கு வெட்டுகிறவர் அன்றைக்கு நாற்பதோடு நின்றிருந்தால், பாதி வேலையில் ஏதோ நடந்திருக்கிறது என்று பென்சிலில் எழுதிய அந்த எண்ணே பேசும். கிளினிக்குக்குப் போன மணியையும் அதோடு சேர்த்து வையுங்கள். இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, நகலில் ஆபீஸ் சாப் (முத்திரை) வாங்கிவிடுங்கள். புத்தகம் முடிந்து மூட்டை கட்டி ஸ்டோருக்குப் போய்விட்டால் தேடி எடுப்பது பாடாகிவிடும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. எம்சி மட்டும் போதாது, கண் டாக்டரின் முழு அறிக்கைக்கு மனு போடுங்கள். இலை, மட்டை, உமி மாதிரித் தாவரப் பொருள் பட்டுக் கருவிழி கீறினால் பூஞ்சை புகுந்துவிடும் என்பது கண் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அது மெதுவாக, நாள் கழித்துத்தான் முற்றும். முதல் நாள் வெறும் சிவப்பாக இருந்த கண் இரண்டு வாரத்தில் ஏன் வெள்ளையானது என்பதற்கு அதுவே பதில். செம்பனை மட்டைத் துகள் பட்டதால் இது வந்திருக்கக்கூடும் என்று டாக்டர் ஒரு வரி எழுதித் தருவாரா என்று நீங்களே நேரில் கேளுங்கள்.

சாட்சிக்கு நீங்களே இருக்கிறீர்கள். ஆனாலும் மனைவி சொல் தனியாக நின்றால் கொஞ்சம் இளைத்துத்தான் தெரியும். அன்றைக்குப் பக்கத்து வரிசையில் வெட்டியவர், குலை ஏற்றியவர் யார்? வங்காளதேசத்துத் தம்பியோ இந்தோனேசியத் தம்பியோ என்றால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டால் அவரை எங்கே தேடுவீர்கள்? பார்த்ததை அவர் சொல்லச் சொல்ல மலாயில் எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றையெல்லாம் திரட்டியபின் ஈப்போ சொக்சோ கவுண்டரில் கொடுத்து, புதிய ஆதாரத்தோடு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதே நாளில் மேல்முறையீட்டுப் பாரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப்போட வேண்டாம். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் அவர் உறுப்பினராக இருந்தால் சங்க அதிகாரியைக் கூட்டிப் போங்கள்.

நிலுவைப் பணத்துக்கு வருகிறேன். மேல்முறையீடு ஜெயித்தால், எம்சியில் இருந்த நாட்களுக்கு உரியதை அந்த நாட்களுக்கே கொடுக்க வேண்டும். அது தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. நான்கு நாளுக்குக் குறையாத எம்சி இருக்க வேண்டும், உங்களுக்கு அது கவலையில்லை. அதற்குப் பிறகுதான் கண்ணுக்கான கணக்கு. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: தினச் சம்பளம் 50 வெள்ளி (ரிங்கிட்), டாக்டர் குழு 30 விழுக்காடு போடுகிறது என்றால், 50இல் 90 விழுக்காடு 45, அதில் 30 விழுக்காடு 13 வெள்ளி 50 காசு. 30 நாள் மாதத்துக்கு 405 வெள்ளி, ஆயுள் முழுக்க. மதிப்பீடு 20 விழுக்காட்டைத் தாண்டினால், ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுத்துக்கொண்டு மீதியை மாதா மாதம் வாங்கலாம். எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேதி ஒரு மாதம் தள்ளிப்போனால் ஒரு மாதக் காசு போகும். எம்சி சீட்டு ஒன்றைக்கூடத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒற்றைக் கண்ணோடு பழைய வேலைக்குப் போக முடியாது என்றால், வேறு வேலைக்குப் பழக்கிவிட சொக்சோவில் ரிட்டர்ன் டு வொர்க் என்றொரு திட்டம் 2007 முதல் இருக்கிறது. கவுண்டரில் அதையும் கேளுங்கள்.

ஒரு நாள் அவரை டாக்டர் குழு கூப்பிடும். நம் ஆண்கள் அங்கே போய், "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். அன்றைக்கு நீங்களும் கூடப் போங்கள். அந்த டீயைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். கிளாஸ் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை என்பதை, படி இறங்கும்போது கால் தடுமாறுவதை, அவர் வாயாலேயே சொல்லட்டும்.