6746328388800 என்ற எண்ணில் அப்படி என்ன சிறப்பு?

கேட்டவர் எண்ணை மட்டும் கொடுத்து, இதற்குக் கணிதத்தில் ஏதாவது தனிச்சிறப்பு உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு. ராமானுஜன் 1915-ல் வெளியிட்ட ஓர் அட்டவணையின் கடைசி எண் இது. படித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்டவற்றை உயர் பகு எண்கள் என்பார்கள். 12 கூட அப்படித்தான்: அதற்கு 6 காரணிகள், அதற்குக் கீழே உள்ள எதற்கும் 6 வராது.

ராயபுரத்தில் மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இவ்வளவு நீளமான எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகளின் கை கால்குலேட்டருக்குப் போகும். முதலில் பகா காரணிகளாக உடையுங்கள் என்பேன். இந்த எண்ணில் 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2. அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டி எல்லாவற்றையும் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080.

அடுக்குகள் எங்கேயும் ஏறாமல் வருவதைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 2-ன் அடுக்கையும் 3-ன் அடுக்கையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். காரணிகள் அதே 10080தான், ஆனால் எண் இரண்டேகால் மடங்காகிவிடும். 23-ஐ எடுத்துவிட்டு 29-ஐ வைத்தாலும் காரணிகள் கூடாது, எண்தான் பெரிதாகும். அதனால் உயர் பகு எண் எதுவும் நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிப் போகவே முடியாது. 1 முதல் 28 வரை எல்லா எண்ணாலும் இது மீதியில்லாமல் வகுபடும். 29-ல்தான் முதன்முதலாக நிற்கும்.

ராமானுஜன் 1912-ல் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை பார்த்தது இங்கே பக்கத்தில் இருக்கும் சென்னைத் துறைமுகத்தில். குடியிருந்தது ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெருவில். 1914 மார்ச்சில் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியதும் சென்னையிலிருந்துதான். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை நடத்த எனக்கு மனம் வராது.

அந்த அட்டவணையில் 102 உயர் பகு எண்கள் இருக்கின்றன. இடையில் ஒன்றே ஒன்று மட்டும் விடுபட்டுப் போனது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். சரி, அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். நீங்கள் கேட்ட எண்ணே வரும். 23 புதிய பகா எண் என்பதால் பழைய காரணி ஒவ்வொன்றும் 23 சேர்ந்தும் சேராமலும் இரண்டாகிறது. 5040 இப்படித்தான் 10080 ஆனது.