மூன்று வயலினும் ஒரு செலோவும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் உப்புவெளியில் வயலின் கற்பிக்கிறேன். கர்நாடக இசையில் பயின்று, பின்னர் மேலைத்தேய முறையையும் ஓரளவு கற்றுக்கொண்டவள். என்னிடம் வயலின் பயிலும் மாணவர் மூவருக்காகவும், விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வரும் செலோ (வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த ஒலியுடைய தந்திவாத்தியம்) வாசிக்கும் ஓர் உறவுக்காரப் பையனுக்காகவும், டுவொர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனியின் மெதுவான பகுதியையும் பிசேயின் ‘கார்மென்’ ஒப்பேராவில் வரும் ஹபனேராப் பாடலையும் மாற்றி எழுத முயல்கிறேன். எண்பது பேர் கொண்ட இசைக்குழுவுக்கு உரியதை நால்வரிடம் கொடுப்பது அந்த இசையைச் சிதைப்பதாகிவிடுமோ என்று மனம் உறுத்துகிறது. வழக்கமான நால்வர் குழுவில் இருக்கும், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவும் எங்களிடம் இல்லை. தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகி, திருகோணமலை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

எண்பது பேர் அமர்ந்திருந்தாலும் அங்கே எண்பது இசைவரிகள் இல்லை. முதல் வயலின்காரர்கள் எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே வரிதான். அதையே புல்லாங்குழல் ஒரு ஸ்தாயி மேலே சேர்ந்து வாசிப்பதும் வழக்கம். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் தொடங்கிவைக்கும் அந்த நான்கு சுரங்களைத் தந்திவாத்தியங்கள் அனைத்தும், கூடவே கிளாரினெட்டுகளும், ஒன்றாக வாசிக்கின்றன. நால்வர் அதை வாசித்தால் டபிள் பேஸின் கீழ் ஸ்தாயியும் கனமும் போகுமே தவிர, சுரம் ஒன்றுகூடக் குறையாது. ஆகவே ஸ்கோரின் (எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றாகக் காட்டும் இசை ஏட்டின்) ஒவ்வொரு பக்கத்திலும் எது தனி வரி, எது இரட்டிப்பு, எது வெறும் நிரப்பு என்று பிரித்துப் பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை.

உறுத்தலுக்கும் இடமில்லை. ஸ்பெயினின் துறைமுக நகரான காடிஸில் பெரிய வெள்ளி வழிபாட்டுக்காக, இயேசு சிலுவையில் மொழிந்த ஏழு வாசகங்களை வைத்து இசைக்குழுவுக்கு எழுதிய படைப்பை, ஹெய்டன் 1787இல் தாமே நால்வருக்கு மாற்றினார். இறுதியில் வரும் நிலநடுக்கத்துக்கு முதல் வடிவத்தில் எக்காளங்களும் டிம்பனி முரசுகளும் இருந்தன. மாற்றிய வடிவத்தில் நான்கு வாத்தியங்களின் பதினாறு தந்திகள் மட்டுமே. ஆயினும் இன்று அதிகம் வாசிக்கப்படுவது இரண்டாம் வடிவமே. (உங்கள் மாணவர்கள் வளர்ந்த பிறகு பெரிய வெள்ளியன்று நம் ஊர்த் தேவாலயம் ஒன்றில் அதை வாசித்தால் நான் முன்வரிசையில் இருப்பேன்.)

இந்த வேலையில் நான் அதிகம் காணும் குறை வேறு. மெட்டு முழுவதையும் முதல் வயலினுக்குக் கொடுத்துவிட்டு மற்ற மூவரையும் தாளக் கணக்குப் பார்க்க உட்கார்த்திவிடுவார்கள். ஒப்பேராப் பாடல்களில் இது இன்னும் மோசமாகிறது. நீங்கள் ஒரு கீர்த்தனையை வயலினில் வாசிக்கும்போது, சாகித்தியம் தெரிந்த ரசிகர் அதை மனத்துக்குள் பாடிக்கொள்கிறார். வாத்தியத்தில் இல்லாத சொல்லை அவரே கொண்டுவருகிறார். ஹபனேராவின் பிரெஞ்சுச் சொற்கள் நம் மண்டபத்தில் யார் மனத்திலும் இல்லை. அதனால், பாடகி அதே மெட்டை வேறு சொற்களோடு இரண்டாம் முறை பாடும்போது வரும் புதுமை, வயலினில் வெறும் திரும்பச் சொல்லலாகிவிடுகிறது. இரண்டாம் முறை மெட்டைச் செலோவிடம் கொடுங்கள். அதுவரை செலோ வாசித்துக்கொண்டிருந்த, நெளிந்து ஆடும் அந்த நான்கு சுர அசைவை மூன்றாம் வயலின் ஏற்கட்டும். ஆதாரம் மேலே போய்விடுவதால் ஒலி மெலியும் என்று அஞ்ச வேண்டாம். அந்த மெலிவே கேட்பவரை நிமிர வைக்கும்.

டுவொர்ஷாக்கின் பகுதி டீ ஃபிளாட் மேஜர் என்ற சுரத்தொகுதியில் இருக்கிறது. அந்த சுரத்தொகுதியில் சீ ஒன்றைத் தவிர வேறு எந்தத் திறந்த தந்திக்கும் (விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்திக்கும்) இடமில்லாததால் மாணவரின் விரல்களுக்குக் கடினம். அரைச் சுரம் ஏற்றி டீ மேஜரில் எழுதும் ஆசை வரும். ஏற்றுவது குற்றமல்ல. பீத்தோவன் தம் பியானோ சொனாட்டா ஒன்றை நால்வருக்கு மாற்றியபோது ஈ மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு ஏற்றினார். வியோலாவின் அடித்தந்தியும் செலோவின் அடித்தந்தியும் சீ என்பதால் அங்கே அவை பஞ்சமமாகத் திறந்து ஒலித்தன. ஆனால் இங்கே நான் ஏற்ற மாட்டேன். இந்த மெட்டை ஆங்கிலக் கொம்பு என்னும் மரத் துளைவாத்தியம் வாசிக்கையில் தந்திகள் ஒலியடக்கியோடு மூடி ஒலிக்கின்றன. திறந்த தந்திகளின் பளிச்சென்ற ஒலி புகுந்தால் அந்த மங்கல் கலைந்துவிடும். பிள்ளைகள் இரண்டு வாரம் கூடுதலாகச் சிரமப்படட்டும்.

வியோலா இல்லாதது பெரிய இடையூறு அல்ல. வயலினின் அடித்தந்திக்குக் கீழே வியோலாவுக்கு உள்ளவை ஏழு அரைச் சுரங்கள்தாம். அவை வரும் இடங்களில் ஒரு ஸ்தாயி ஏற்றலாம், அல்லது செலோவுக்குக் கொடுக்கலாம். வயலினில் பூட்டத்தக்க சீ தந்தியும் விற்கிறார்கள். ஒலி சற்று அடங்கியே வரும் என்றாலும் இந்தப் பகுதிக்கு அது பொருந்தும். ஆங்கிலக் கொம்பின் மெட்டு வயலினின் எல்லைக்குள் அடங்குவதால், அதை முதல் வயலினுக்குத் தராமல் மூன்றாமவருக்கே தாருங்கள்.

அந்தப் பகுதியின் கடைசி ஒலி மிக மெல்லியது. டபிள் பேஸ்கள் மட்டுமே தமக்குள் பிரிந்து வாசிப்பது. செலோ கீழ் டீ ஃபிளாட்டையும் அதன் பஞ்சமத்தையும் ஒரே விரலால் சேர்த்துப் பிடிக்க, மேலே வயலின்கள் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். நம் ஊர் மண்டபங்களின் மின்விசிறிகள் அதை விழுங்கிவிடும் என்பதால், அந்த ஒரு நிமிடத்துக்கு அவற்றை நிறுத்த யாரையாவது சுவிட்சின் அருகில் நிற்கச் சொல்லுங்கள்.