அருணாசலம் விடுதியும் துண்டும்

அன்புள்ள ஐயா,
பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். வீடு பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டம். இருப்பது அருணாசலம் விடுதியில். ஜயதிலக, ராமநாதன், அருணாசலம், மார்ஸ் என்று எங்கே திரும்பினாலும் கொழும்புக் கனவான்களின் பெயர்தான். தோட்டக் காணியில் எழுந்த கெம்பஸில் மலையகத்து ஆள் ஒருவர் பெயரில்கூட விடுதி இல்லை. இந்தப் பெயர்களை மாற்றச் சொல்லிக் கேட்டால் தவறா? திறந்தவெளி அரங்குக்குச் சரச்சந்திர பெயரை வைக்கவில்லையா?

அன்புள்ள தம்பி,
கேட்பதில் தவறே இல்லை. அரங்கின் கதை வேறு. சரச்சந்திரவின் நாடகங்கள் நடந்த இடம் அது. மார்ஸ் பழைய யுனிவர்சிட்டி கொலேஜின் அதிபர், அவரை விடுங்கள். ஆனால் அருணாசலத்தையும் அதே வரிசையில் நிறுத்தி ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டீர்களே, அதுதான் பொறுக்கவில்லை. அவர் பெயர் எழுதிய வாசலால் தினமும் போய் வருகிறீர்கள். யார் இந்த மனிதர் என்று ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லையா?

பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது, பேராதனைக்கு வந்தது 1952இல். இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று பொன்னம்பலம் அருணாசலம் ஒரு சங்கம் அமைத்தது 1906இல். 1924இல் இறந்துபோனார். விடுதிக்கு அவர் பெயர் வைக்க அதுவே போதும். நமக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

என்னை அந்த விடுதியில் சேர்க்க வந்த அப்பா, தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். "நம்ம துண்டை ஒழிச்ச ஐயாவோட பேருடா" என்றார். தொழிற்சங்கக் கூட்டங்களில் கேட்டுத் தெரிந்துகொண்டது. கொழுந்துச் சாக்குத் தூக்கிய மனிதர் அவர்.

துண்டு என்றால் என்னவென்று உங்கள் விடுதியில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக அந்தக் காகிதம் வேண்டும். அந்தக் குடும்பத்தின் கடன் அதில் எழுதியிருக்கும். புதிய இடத்துக் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்ப்பவர், கடனைக் கட்டி ஆளை எடுப்பார். கடன் தீராது, கைதான் மாறும். சம்பளத்தில் கழித்துக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் அரிசிக்கு மறுபடியும் கடன். சொல்லாமல் கிளம்பினால் வழக்கு, சிறை. வேலையை விட்டுப் போவதே குற்றம் என்று சட்டம் இருந்த காலம்.

1919இல் பெரியண்ணன் சுந்தரத்தோடு சேர்ந்து தொழிலாளர் நலச் சங்கம் அமைத்து இதை எதிர்த்தவர் அருணாசலம். இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, 1921இல் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அவர் கொழும்புக் கனவான்தான், சேர் பட்டம் வாங்கியவர்தான். தோட்டத்து லய வீடுகளில் கிடந்த மனிதர்களுக்காக வாய் திறக்க அவருக்கு எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை. திறந்தார். அவரை நாமே அந்நியராக்கினால் அப்புறம் யார் நினைப்பார்கள்?

சரி, உங்கள் கேள்வி. மலையகப் பெயர் கட்டாயம் வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை பெயரைக் கேளுங்கள். கவிஞர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே குடியுரிமைச் சட்டம் வந்து நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. புதிதாக எழும் கட்டடம் ஒன்றுக்கு அவர் பெயர் கேட்டு விண்ணப்பம் எழுதினால் அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அருணாசலம் பெயரை எடுக்கச் சொல்லி அதில் ஒரு வரி இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம்.