சிர்மியோனேவுக்குப் படகில்: கேட்டார்கள், சொன்னேன்

இத்தாலியின் மிகப் பெரிய ஏரி கார்தா. அதன் தென்கரையிலிருந்து தண்ணீருக்குள் ஒல்லியாக நீளும் நிலத்தின் நுனியில் இருக்கிறது சிர்மியோனே.

மிலானில் தங்குகிறோம். படகு எங்கே ஏறுவது?

மிலான்–வெனிஸ் ரயில் பாதையிலேயே தெசென்சானோ, பெஸ்கியேரா என்று இரண்டு ஏரிக்கரை ஊர்கள் வரும். எல்லாரும் தெசென்சானோவில்தான் இறங்குவார்கள். அங்கிருந்து படகில் அரை மணிகூட ஆகாது. நான் சொல்வது, போகும்போது பெஸ்கியேராவில் ஏறுங்கள். அது கிழக்கே இருக்கிறது, சிர்மியோனேயின் படகுத்துறையோ மேற்குப் பக்கம். அதனால் படகு நுனியைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும். ஆலிவ் மரங்களும் ரோமானிய இடிபாடுகளும் பாறைமேல் நிற்பதைத் தண்ணீரிலிருந்தே பார்த்துவிடலாம். திரும்பும்போது தெசென்சானோ.

வாடகைக் கார் கையில் இருக்கிறது, படகு எதற்கு?

உங்கள் கார் பழைய ஊருக்குள் போகாது. உள்ளே போகக் கோட்டையை ஒட்டிய சின்னப் பாலம் ஒன்றுதான் வழி, அதுவரை வரும் சாலையும் ஒன்றே. ஆகஸ்டில் அந்த வரிசையில் நின்றவர்கள் மறுபடி கேட்கமாட்டார்கள்.

படகு அட்டவணையில் "ஃபெரியாலே" என்று போட்டிருக்கிறதே, விடுமுறை நாளா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை துறையில் போய் நின்றேன், படகு வரவில்லை. ஃபெரியாலே என்றால் வேலை நாள், சனிக்கிழமையும் அதில் சேர்த்தி. ஞாயிறுக்கும் பண்டிகைக்கும் "ஃபெஸ்தீவோ". இறங்கியதும் கடைசிப் படகின் நேரத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் தெசென்சானோவுக்குப் பஸ் உண்டு. குளிர்காலத்தில் படகுகள் குறைவு.

அப்பாவுக்கு முழங்கால் வலி. கோட்டையா, காத்துல்லோ குகையா?

முதலில் ஒன்று, அது குகையே இல்லை. 167 மீட்டர் நீளமும் 105 மீட்டர் அகலமும் கொண்ட ரோமானிய மாளிகையின் மிச்சம். செடிகொடி மூடிக் கிடந்தபோது பார்த்தவர்களுக்குக் குகை மாதிரித் தெரிந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கவிஞர் காத்துல்லுஸ் இந்த ஊரைப் பாடியது உண்மை. ஆனால் அவர் இறந்த பிறகுதான் இந்த மாளிகை எழும்பியது!

ஸ்காலிஜேரி கோட்டை வேறு ரகம். வெரோனாவை ஆண்ட குடும்பம் கட்டியது. சுற்றிலும் தண்ணீர், மதில் உச்சியெல்லாம் தகைவிலான் குருவி வால்போலப் பிளந்திருக்கும். கப்பல்கள் ஒதுங்கவே மதில் கட்டிய துறை ஒன்று உள்ளே இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். கோபுரம் முழுக்கப் படிக்கட்டு, அப்பாவுக்கு வேண்டாம். அவர் கீழே மீன்களையும் வாத்துகளையும் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். மாளிகைக்கு நடை கொஞ்சம் நீளம், ஆனால் ஆலிவ் நிழல் உண்டு.

வெந்நீர் ஊற்று என்கிறார்களே?

போயோலா ஊற்று. ஏரியின் அடியில் 69 டிகிரி சூட்டில் வருகிறது. 1889இல் ஒரு முக்குளிப்பவர் குழாய் இறக்கிய பிறகுதான் குளியல் நிலையங்கள் வந்தன. சின்ன மோட்டார் படகில் சுற்றினால் குமிழிகள் மேலே வரும் இடத்தில் நிறுத்திக் காட்டுவார்கள். குளியல் அப்பாவின் காலுக்கும் இதம்தான், ஆனால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

நாங்கள் சைவம்.

பிகோலி என்ற தடித்த நூடுல்ஸில் பெரும்பாலும் மத்தி மீன் இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள். பூசணி வைத்து மடித்த பாஸ்தாவான தோர்த்தெல்லி நல்லது. மாவில் முட்டை சேர்ப்பார்கள், அது ஆகாதென்றால் பீட்சாதான்.