கடலில்லா நாடுகளின் வழிச்செலவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் வேலை பார்க்கும் அண்டி ஆபீசுக்கு (முந்திரி ஆலைக்கு) வரும் சாக்குகள் சிலவற்றில் புர்கினா ஃபாசோ என்று அச்சிட்டிருக்கிறது. மகனின் வரைபடப் புத்தகத்தில் பார்த்தால் அந்த நாட்டுக்குக் கடற்கரையே இல்லை. அந்தக் கொட்டை எப்படிக் கப்பலேறுகிறது? அதற்கான கூடுதல் செலவு யார் தலையில் விழுகிறது?
– வாசகி, கருங்கல்

பதில்: மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள அந்த நாட்டின் தென்மேற்கில் விளையும் முந்திரிக்கொட்டை சாக்குகளில் கட்டப்பட்டு, லாரியில் எல்லை கடந்து, ஐவரி கோஸ்ட்டின் அபிஜான், கானாவின் தேமா, டோகோவின் லோமே போன்ற பக்கத்து நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகிறது. தலைநகர் வாகடூகுவிலிருந்து அபிஜானுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். ரயில் பாதையும் உண்டு. ஆனால் 2002 செப்டம்பரில் ஐவரி கோஸ்ட்டில் உள்நாட்டுக் கலகம் வெடித்து எல்லை மூடப்பட்டபோது, ஏறக்குறைய ஓராண்டு அந்தப் பாதையில் வண்டி ஓடவில்லை. தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சண்டைக்காகப் புர்கினா ஃபாசோ தன் சரக்கையெல்லாம் கானா, டோகோ, பெனின் வழியாகத் திருப்பிவிட நேர்ந்தது.

தூரம்தான் செலவுக்குக் காரணம் என்று நமக்குத் தோன்றும். டீசலும் டயரும் ஓட்டுநர் கூலியும் செலவின் ஒரு பகுதி மட்டுமே. பெரும் பாரம் காத்துக்கிடப்பதிலும், எப்போது போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியாத நிலையிலும் இருக்கிறது. அடுத்த நாட்டின் வழியே போகும் சரக்கு நடுவழியிலேயே இறக்கி விற்கப்பட்டால் அந்நாட்டுக்குச் சுங்க வரி இழப்பு என்பதால், அந்த வரிக்கு ஈடான உத்தரவாதப் பத்திரத்தை வணிகர் முன்கூட்டியே கட்ட வேண்டும். சரக்கு வெளியேறியது என்ற தாள் திரும்பி வந்து பதிவாகும்வரை அந்தப் பொறுப்பு நீங்காது. மேற்கு ஆப்பிரிக்காவின் பல தடங்களில், வழிச்சரக்கில் மூன்றில் இரண்டு பங்கைக் கடலில்லா நாட்டின் லாரிகளும் ஒரு பங்கைத் துறைமுக நாட்டின் லாரிகளும் ஏற்ற வேண்டும் என்ற ஒப்பந்த விகிதம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. லாரிக்காரர்களைக் காப்பதற்கென்று வந்த அந்த ஏற்பாடு, நல்ல வண்டியும் பழைய வண்டியும் ஒரே வரிசையில் முறைக்காகக் காத்திருக்கும் வழக்கத்தை வளர்த்து, போட்டியைக் குறைத்து, வாடகையை உயர்த்தியே வைத்திருக்கிறது. இறக்குமதிச் சரக்கு கன்டெய்னரோடு உள்நாடு போனால் காலிப் பெட்டியைத் துறைமுகத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். தவணை தாண்டினால் கப்பல் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணமும் கட்ட வேண்டும்.

முந்திரிக்கொட்டைக்குத் தாமதம் இன்னொரு வகையிலும் கேடு செய்கிறது. ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் கொட்டையில் பூசணம் பிடிக்கும். அங்கே அறுவடை முடியும்போதே மழை தொடங்கிவிடுவதால், தார்ப்பாய் போர்த்திய லாரி எல்லையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சாக்குக்குள் பருப்பு கெடுகிறது. 80 கிலோ மூட்டையில் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்ற ‘அவுட்டர்ன்’ கணக்கைக் கொண்டுதான் வாங்குபவர் விலை பேசுகிறார். பருப்பு தரம்பிரிக்கும் மேசையில் நீங்கள் ஒதுக்கிவைக்கும் கறுத்த பருப்புகளில் சிலவற்றின் கதை அந்த எல்லையில் தொடங்கியிருக்கக்கூடும்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ வந்து சேரும் கொட்டையைத் தரம் பார்த்து வாங்குகிறவர், அது கடலோர நாட்டில் விளைந்ததா உள்நாட்டில் விளைந்ததா என்று பார்த்து விலையைக் கூட்டிக் கொடுப்பதில்லை. ஆகவே வழியில் ஆன செலவு முழுவதும் பின்னோக்கித் தள்ளப்பட்டு, கடைசியில் தோட்டத்தில் கொட்டை பொறுக்கும் விவசாயிக்குக் கிடைக்கும் விலையில் கழிகிறது. அதே விவசாயி வாங்கும் உரமும் சிமென்ட்டும் டீசலும் அதே சாலை வழியே எதிர்த்திசையில் வருவதால், அவற்றின் விலையில் அதே செலவு ஏறி நிற்கிறது. விற்கும்போதும் வாங்கும்போதும் அவர்தான் இழக்கிறார். இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

கேள்வி: கடலில்லாத நாட்டின் சரக்கைத் தடுக்கக் கூடாது என்று உலகச் சட்டம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிறகு ஏன் இத்தனை செலவு?
– லாரி உரிமையாளர், களியக்காவிளை

பதில்: சட்டம் இருக்கிறது. 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 125-ஆவது பிரிவு, கடலில்லா நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையையும் வழிச்செல்லும் சுதந்திரத்தையும் தருகிறது. 127-ஆவது பிரிவு, அச்சரக்கின் மீது சுங்க வரி விதிக்கக் கூடாது என்றும், செய்த சேவைக்கான கட்டணத்தை மட்டுமே வாங்கலாம் என்றும் சொல்கிறது. 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமையாக்க ஒப்பந்தமும் இதையே வலியுறுத்துகிறது. ஆனால் எந்தத் துறைமுகம், எந்தச் சாலை, என்னென்ன தாள்கள் என்பதையெல்லாம் இரு நாடுகளும் பேசி முடிவுசெய்ய வேண்டும் என்று அதே 125-ஆவது பிரிவு விட்டுவிடுகிறது. பேச்சு முறிந்தால் உரிமை ஏட்டளவில்தான் நிற்கும். 1989 மார்ச்சில் இந்திய–நேபாள வர்த்தக, வழிப்போக்கு ஒப்பந்தங்கள் காலாவதியானபோது எல்லைப் பாதைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டு, நேபாள மக்கள் மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிபொருளுக்கும் திண்டாடினார்கள். அதற்கு நம் நாடு பொறுப்பாளி என்பதை நாம் மறைக்கக் கூடாது.

வரி இல்லாமலே நேரம் எப்படிப் பணமாகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் தமிழக–கேரள எல்லையை ஒட்டிய அமரவிளைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற வண்டிகளுக்கு வாடகை ஓடவில்லை. வட்டியும் படியும் ஓடின. அது ஒரே நாட்டுக்குள் இருந்த நிலை.

கேள்வி: சுவிட்சர்லாந்துக்கும் கடல் இல்லையே, அது எப்படிச் செல்வந்த நாடாயிற்று?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: அதைச் சுற்றியுள்ள நாடுகளே அதன் பெரிய சந்தை. பாசல் நகரிலிருந்து ரைன் ஆற்றில் கப்பல்கள் வடகடல்வரை போகின்றன. அந்த ஆற்றில் தடையற்ற போக்குவரத்துக்கு 1868-இன் மான்ஹைம் உடன்படிக்கை வழிசெய்தது. கைக்கடிகாரம், மருந்து போன்ற எடை குறைந்த, விலை மிகுந்த பொருள்கள் வழிச்செலவைத் தாங்கும். முந்திரிக்கொட்டையும் பருத்தியும் தாதுவும் தாங்காது.

கேள்வி: இந்தச் செலவைக் குறைக்க எங்காவது வழி கண்டிருக்கிறார்களா?
– ஆசிரியை, குழித்துறை

பதில்: கண்டிருக்கிறார்கள். ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் இடையே சிருண்டுவில், 2009 முதல் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே வளாகத்தில் அமர்ந்து சோதிக்கிறார்கள்; லாரி ஒரு முறை நின்றால் போதும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல், உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் போகும் சரக்கின் வரியை அது கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இருக்கும்போதே வசூலித்துவிடும் முறை வந்திருக்கிறது. வரி முன்பே கட்டப்பட்டுவிட்டால், வழியில் சரக்கை விற்றுவிடுவார்களோ என்ற அச்சம் வெகுவாகக் குறைகிறது. அந்த அச்சத்துக்காகக் கேட்ட உத்தரவாதமும், எல்லைதோறும் நடந்த சோதனையும் அதோடு குறைகின்றன. புதிய சாலை போடுவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. இரு நாட்டுச் சுங்க அதிகாரிகளும் ஒருவர் முத்திரையை மற்றவர் ஏற்க வேண்டும். பல தடங்களில் இன்னும் நடக்காமல் இருப்பது அதுதான்.