எட்டு வீடுகள் சேர்ந்து பண்ணையில் கீரை வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை பண்ணையிலிருந்தே நேரடியாகக் காய்கறி வாங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துக் கூலாயில் என் சித்தப்பாவுக்குச் சின்னத் தோட்டம் உண்டு. அவரிடமிருந்தும் கொண்டுவந்து பிரித்துக்கொள்ளலாமா? தேக்கா சந்தையைவிட மலிவாகக் கிடைக்குமா? எப்படித் தொடங்குவது?
- ஈசூன் வாசகி

பதில்: மலிவுக் கணக்கை முதலிலேயே முடித்துவிடுவோம். கிடைக்காது அம்மா. தேக்காவில் நீங்கள் வாங்கும் காய்கறியில் கணிசமான பகுதி மலேசியாவில் விளைந்து, இரவோடு இரவாக லாரியில் பாலம் தாண்டி, பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் இறங்கிக் கடைக்கு வருவது. மலேசியாவில் நிலமும் ஆளும் மலிவு. இங்கே, பண்ணைகள் இருக்கும் லிம் சூ காங்கில் குத்தகை நிலத்தில், நம் ஊர்ச் சம்பளமும் மின்கட்டணமும் கொடுத்து வளர்க்கும் கீரை அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது. நாம் சாப்பிடும் காய்கறியில் உள்ளூர் விளைச்சல் சுமார் 3 விழுக்காடுதான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடையில் ஆள் இல்லையென்றால் அவருடைய லாபம் நமக்கு மிஞ்சும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் அவர் செய்துவந்த வேலை எங்கும் போய்விடாது. தரம் பிரிப்பது, குளிரில் வைப்பது, ஏற்றி இறக்குவது, விற்காமல் வாடியதன் நட்டத்தைத் தாங்குவது எல்லாம் பண்ணைக்காரர் தலையிலோ உங்கள் தலையிலோ வந்து விழும். பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது, காலையில் அறுத்த கீரை அன்று மாலையே அடுப்புக்கு வருவது. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க எட்டு வீடும் தயாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு உழவர் சந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு சிலர் இதைப் பேசுவதுண்டு. 1999இல் மதுரையில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விவசாயியே மூட்டையோடு வந்து, அடையாள அட்டையைக் காட்டி, வாடகை இல்லாத கடையில் உட்கார்ந்து விற்கிறார். நம் பண்ணைகளில் ஆளே குறைவு. அதில் ஒருவரை விற்க அனுப்பினால் அன்றைய அறுவடை தடைபடும். அதனால் பண்ணைக்காரரின் வேலையைக் குறைப்பது போல உங்கள் ஆர்டர் இருக்க வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுகின்றன. இந்த வாரம் ஐந்து வீடு, அடுத்த வாரம் இரண்டு, பள்ளி விடுமுறையில் யாருமே இல்லை. கங்கோங் (வள்ளைக்கீரை), தண்டுக்கீரை, சாய் சிம் (சீனக் கீரை) போன்றவை விதைத்து மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் அறுவடைக்கு வரும். அதாவது, நீங்கள் அடுத்த மாதம் சாப்பிடப்போவதை அவர் இன்றே விதைத்தாக வேண்டும். ஆகவே வாரா வாரம் கேட்பதை விட்டுவிட்டு, நான்கு வாரத்துக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். பணத்தை ஒருவரே பேநவ் (கைப்பேசிப் பணமாற்று) வழியாக வசூலித்து முன்கூட்டியே கட்டிவிடட்டும். எந்தக் கீரை என்பதைப் பண்ணையின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மழை வாரத்தில் ஒன்று அழுகும், இன்னொன்று செழிக்கும். செழித்தது உங்கள் பைக்கு வரும். ஊருக்குப் போகும் குடும்பம் தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், ரத்து செய்யக்கூடாது.

வீட்டுக்கு ஒரு கிலோ என்றால் மொத்தம் எட்டுக் கிலோ. அதற்காக ஒரு வண்டியை ஈசூனுக்குத் திருப்ப யாருக்கும் மனம் வராது. பேரங்காடியில் உள்ளூர்க் கீரைப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பண்ணையின் பெயர் இருக்கும். அவர்களை அழைத்து, "எந்தக் கிழமை உங்கள் வண்டி ஈசூன் பக்கம் வருகிறது?" என்று கேளுங்கள். ஏற்கனவே கடைகளுக்கு வரும் வண்டியில் இன்னொரு பெட்டி ஏற்றுவது எளிது. விநியோகக் கட்டணம் 16 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் வீட்டுக்கு 2 வெள்ளிதான். அதுவும் அமையாவிட்டால், கார் வைத்திருக்கும் வீடுகள் முறைபோட்டு லிம் சூ காங் போய் எடுத்துவரலாம்.

சித்தப்பா தோட்டத்து விஷயத்தில் கவனம். உங்கள் வீட்டுச் சமையலுக்குக் கொஞ்சம் எடுத்துவருவது வேறு. எட்டு வீட்டில் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுத்தால் அது வணிக இறக்குமதி. அதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமமும், ஒவ்வொரு முறையும் தனி அனுமதியும் வேண்டும். சோதனைச்சாவடியில் பிடிபட்டால் "சொந்தக்காரர் தோட்டம்" என்ற பேச்சு எடுபடாது. அபராதம் ஆயிரக்கணக்கில், சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. பூச்சிமருந்து எச்சத்தைச் சோதிக்கவும், கோளாறு என்றால் எந்தத் தோட்டம் என்று தேடிப் பிடிக்கவும்தான் இந்தக் கெடுபிடி. வேண்டுமானால் சித்தப்பா தன் விளைச்சலை உரிமம் பெற்ற ஓர் இறக்குமதியாளருக்குக் கொடுக்கட்டும், நீங்கள் அந்த இறக்குமதியாளரிடம் கூடைக் கணக்கில் வாங்குங்கள். நடுவே ஒரே ஒருவர். இதுவும் குறுகிய சங்கிலிதான், நேர்வழியும்கூட.

எதையெல்லாம் வாங்குவது? இலைக்கீரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கத்தரி, வெண்டை, முருங்கைக்காய்க்கெல்லாம் தேக்காவே சரி. முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூரிலேயே கிடைக்கிறது. ஆனால் அந்தப் பண்ணைகள் பெரியவை, கடை வழியாகவே வாங்கிக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஜோகூர் நீரிணைக் கூண்டுகளில் வளரும் கொடுவாயை அடுத்த கட்டமாகப் பார்க்கலாம்.

கீரை வந்ததும் கழுவி வைக்காதீர்கள், ஈரம்தான் அழுக வைக்கும். செய்தித்தாள் வேண்டாம், சமையலறைக் காகிதத்தில் தளர்வாகச் சுற்றி, மூடியை லேசாகத் திறந்த டப்பாவில் வையுங்கள். வேரோடு வந்தால் வேரை மட்டும் ஈரக் காகிதத்தில் பொதிந்தால் போதும். சாய் சிம் நன்றாகக் குளிர் தாங்கும். கங்கோங் தாங்காது, ஃபிரிட்ஜின் குளிர்ந்த மூலையில் வைத்தால் இலை கறுத்துவிடும். அதை முதல் நாளே பெலாச்சான் (இறால் விழுது) போட்டு வதக்கிவிடுங்கள், தண்டுக்கீரை மறுநாள், சாய் சிம் வாரக் கடைசிக்கு.

அப்புறம், உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் முருங்கைக்கீரை கேட்பார்கள். அதற்குப் பண்ணை தேட வேண்டாம். வட்டாரத்துச் சமூகத் தோட்டங்கள் பலவற்றில் முருங்கையும் கறிவேப்பிலையும் நிற்கின்றன. பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் கேட்டால் ஒரு கொத்து கிடைக்கும். சாலையோர மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அது அரசு நிலம்.